ஐபி கிடைத்தால் ஆள் கிடைத்துவிடுவாரா?

ஸ்பாம், அதாவது கேட்காமலே வந்து குவியும் குப்பைச் செய்தி, அதன் தொல்லை பற்றி வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் வேறு வேறு, ஆனால் எல்லாருக்குள்ளும் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: அனுப்புகிறவனின் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பைக் குறிக்கும் எண்) தெரிந்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். இதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பியதால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மீது பழி விழுந்த கதையும் ஒரு கடிதத்தில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் சொந்த மெயில் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. "உன் கணக்கு என் கையில், பணம் அனுப்பு" என்கிறான். உள்ளே நுழைந்துவிட்டானா? அது எங்கிருந்து வந்தது என்று நானே பார்க்க வழி உண்டா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். மெயிலில் 'அனுப்புநர்' என்று தெரியும் வரி, தபால் உறையின் மூலையில் நாம் எழுதும் முகவரி மாதிரிதான். யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. அப்போது வலையமைப்பில் இருந்த கணினிகள் கொஞ்சம், பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். அனுப்புகிறவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்பாடு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று சோதனை முறைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் பெயரில் மெயில் வந்தது என்பதாலேயே உங்கள் கணக்குக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று ஆகிவிடாது. மன அமைதிக்குக் கணக்கின் உள்நுழைவு விவரங்களை ஒரு முறை பாருங்கள், ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.

சரி, எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு மெயிலுக்குப் பின்னாலும் ஹெடர் என்று ஒரு நீண்ட தலைப்பகுதி இருக்கிறது, அது சாதாரணமாகக் கண்ணில் படாது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். யாஹூவில் 'வியூ ரா மெசேஜ்', அவுட்லுக்கில் 'வியூ மெசேஜ் சோர்ஸ்'. திறந்ததும் வரும் எழுத்துக் குவியலைப் பார்த்து மிரள வேண்டாம், நமக்கு வேண்டியது 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் மட்டும்தான். மெயில் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் அதன் மேல் ஒரு முத்திரை குத்தி அனுப்பும், புதிய முத்திரை பழையதற்கு மேலே ஏறி உட்காரும். அப்படியானால் பயணத்தின் தொடக்கம் கீழே, முடிவு மேலே.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கடைசி வரியில் இருப்பதுதான் அனுப்பியவனின் ஐபி என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பாம் அனுப்புகிறவன் மெயிலை வெளியே விடும்போதே, அதற்கு முன்பு பல சர்வர்களைக் கடந்து வந்த மாதிரி நாலைந்து போலி 'ரிசீவ்டு' வரிகளை அடியில் செருகிவிட முடியும். அவனால் தொடமுடியாத வரி ஒன்றே ஒன்றுதான்: உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர், வெளியாள் ஒருவனிடமிருந்து மெயிலை வாங்கிக்கொண்ட அந்த நொடியில் தானே எழுதிய வரி. ஆகவே மேலிருந்து கீழே வாருங்கள். உங்கள் நிறுவனத்தின் உள்வேலை வரிகள் சில முதலில் வரும், அவற்றைத் தாண்டுங்கள். வெளியே இருந்து வாங்கியதைச் சொல்லும் முதல் வரியில் நில்லுங்கள். ஜிமெயில் என்றால் எம்எக்ஸ் டாட் கூகுள் டாட் காம் வாங்கிக்கொண்டதாகச் சொல்லும் வரி. அதில் சதுர அடைப்புக்குறிக்குள் 203.0.113.45 போல ஓர் எண் இருக்கும் (இந்த எண் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தது, யாருடையதும் அல்ல). நம்பத் தகுந்த எண் அதுதான். அதே வரியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தில் ஒரு பெயரும் இருக்கும், வந்த கணினி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பெயர் அது, அதில் பொய் இருக்கலாம். எண்ணில் பொய் சொல்வது நடைமுறையில் ஏறக்குறைய முடியாது, ஏனென்றால் இரண்டு கணினிகளும் மாறி மாறிப் பேசினால்தான் மெயில் கைமாறும், போலி எண்ணைக் கொடுத்தால் பதில் வேறெங்கோ போய்விடும்.

10., 192.168., 127. என்று தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் வீட்டுக்குள்ளோ நிறுவனத்துக்குள்ளோ ஒரே கணினிக்குள்ளோ மட்டும் புழங்குபவை. அவற்றை எங்கே தேடினாலும் ஒன்றும் வராது, விட்டுவிடுங்கள்.

உங்கள் மெயிலின் ஹெடரில் எஸ்பிஎஃப், டிமார்க் இரண்டுக்கும் பக்கத்தில் 'ஃபெயில்' என்று போட்டிருந்தால் உங்கள் பெயரை ஒருவன் திருடி எழுதியிருக்கிறான் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் 'பாஸ்' என்றிருந்தால் நல்ல மெயில் என்று அர்த்தம் இல்லை. ஸ்பாம்காரன் தனக்கென்று ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தால் அதுவும் 'பாஸ்' ஆகும். பெயரைத் திருடவில்லை என்பதற்குத்தான் அது சான்று.

இன்னொன்று. ஒருவன் ஜிமெயிலில் கணக்குத் திறந்து அதன் இணையப் பக்கத்திலிருந்தே ஸ்பாம் அனுப்பினால், ஹெடரில் கூகுள் சர்வரின் ஐபிதான் கிடைக்கும், அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் ஐபி கிடைக்காது. அங்கே தேடல் முடிந்தது. அந்தக் கணக்கின் மேல் கூகுளிடம் புகார் செய்வது ஒன்றுதான் மிச்சம்.

கேள்வி: ஹெடரிலிருந்து ஐபியை எடுத்து ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் ஊர், தெரு எல்லாம் காட்டி ஒரு வீட்டின் மேல் குறி வைத்துவிட்டது. அது அவன் வீடுதானே?

பதில்: இல்லை. தயவுசெய்து அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே இருந்தவர்களைத் தேடி வருடக்கணக்கில் போலீஸ் வந்தது, வரித்துறை ஆட்கள் வந்தார்கள், "எங்களை ஏமாற்றியது நீங்கள்தான்" என்று முகம் தெரியாதவர்கள் வாசலில் நின்றார்கள், ஸ்பாம் அனுப்புகிறவர்கள் என்றும் திட்டு வாங்கினார்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஐபிக்கு இடம் சொல்லும் தரவுத்தளம் விற்கும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், 'அமெரிக்காவுக்குள் எங்கோ இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது' என்ற ஐபிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியை முழு எண்ணாக்கிக் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்த இடம் இவர்கள் பண்ணை. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அந்த நிறுவனம் புள்ளியை நகர்த்தி ஓர் ஏரியின் நடுவே வைத்தது. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஒரு வரைபடம், ஒரு குடும்பத்தின் நிம்மதியைப் பல வருடம் பறித்துவிட்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வாசலில் வந்து நின்றவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, உங்களைப் போலவே ஏமாந்து கோபத்தில் இருந்தவர்கள்.

ஐபிக்கும் தெருவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உலகத்தின் ஐபி முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன: ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏபிநிக், ஐரோப்பாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் ரைப், வட அமெரிக்காவுக்கு ஏரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்னிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரினிக். அவற்றிடமிருந்து இணைய சேவை நிறுவனங்களும் சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்களும் கட்டுக் கட்டாக வாங்கிக்கொள்கின்றன. இந்த எண் எந்த நிறுவனத்தின் கட்டில் இருக்கிறது என்பதுதான் பொதுவில் உள்ள பதிவு. ஹூஇஸ் என்ற பொதுத் தேடலில் அது தெரியும் (இப்போது அதன் இடத்தை ஆர்டாப் என்ற புதிய முறை பிடித்து வருகிறது). நாட்டின் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் என்பது ஊகம். தெரு என்று ஒரு தளம் காட்டினால் அது கண்ணை மூடிக்கொண்டு குறி வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அந்த மாதிரி மெயில்களைத் திறந்து பார்ப்பதோடு சரி, எதையும் அழுத்துவதில்லை. திறந்தாலே என் ஐபி அவனுக்குப் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகலாம். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது அவன் சர்வரிலிருந்து இறங்குகிற மாதிரி செய்திருப்பான். படம் இறங்கினால் யார் திறந்தார், எப்போது திறந்தார், எந்த ஐபியிலிருந்து என்பது அவன் பதிவில் விழும். 2013 இறுதியிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாக வாங்கித் தருவதால் ஐபி மறைந்துவிடுகிறது, ஆனால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்பது அப்போதும் தெரியவரலாம். மெயில் அமைப்பில் வெளிப்படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். அறியாத இடத்திலிருந்து வந்த மெயிலில் 'சந்தாவை நிறுத்த' என்ற இணைப்பையும் அழுத்த வேண்டாம், ஸ்பாம் பொத்தானை அழுத்துங்கள் போதும்.

கேள்வி: எங்கள் நிறுவன இணையதளத்தில் 'தொடர்புக்கு' என்று ஒரு படிவம் உண்டு. அதன் வழியாக ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் குப்பைச் செய்திகள். சர்வர் பதிவில் பார்த்தால் நிறைய ஒரே ஐபியிலிருந்து. வேலையை விட்டுப் போன ஒருவர் முன்பு அனுப்பிய மெயிலின் ஹெடரில் அதே ஐபி இருந்தது. அவரிடம் போனில் நேரடியாகவே கேட்டுவிட்டோம், அவர் அழாத குறையாக மறுக்கிறார். ஐபி பொய் சொல்லுமா?

பதில்: ஐபி பொய் சொல்லவில்லை, அது சொல்லாத ஒன்றை நீங்கள் அதன் வாயில் போட்டுவிட்டீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பழைய வகை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. புதிய வகையான ஐபிவி6-ல் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லா இடத்துக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால் பல சேவை நிறுவனங்கள், முக்கியமாக மொபைல் இணையம் தருபவை, ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. கேரியர் நாட் என்பார்கள். உங்கள் முன்னாள் ஊழியரும் அவருக்கு யாரென்றே தெரியாத பல நூறு பேரும் வெளியுலகுக்கு ஒரே எண்ணாகத் தெரிவார்கள். அப்படிப் பங்கு போடாத இணைப்பிலும் எண் நிலையாக இருப்பதில்லை, இன்று அவரிடம் இருந்தது அடுத்த மாதம் வேறொருவரிடம் போயிருக்கும். அவர் மெயில் அனுப்பியது எப்போது, குப்பை வந்தது எப்போது என்று தேதி பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

சரி, எண் அவருடையது மட்டும்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அனுப்பியது அவர் என்று ஆகாது. அவர் வீட்டு ரவுட்டரோ, கண்காணிப்புக் கேமராவோ, பழைய கணினியோ அவருக்கே தெரியாமல் வேறொருவன் கட்டளைக்கு ஆடிக்கொண்டிருக்கலாம். 2024 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள் 911 எஸ்5 என்ற வலையமைப்பை முடக்கினார்கள். இலவச விபிஎன் என்று நம்பி மக்கள் நிறுவிய மென்பொருள்கள் வழியாக அவர்களின் கணினிகளுக்குள் நுழைந்து, அந்த வீட்டு ஐபிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். அந்த வீடுகளில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் உங்கள் ஊழியர் மாதிரியே திகைத்திருப்பார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. உங்கள் தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச் சேவை (வருகிறவர்களைத் தான் முதலில் வாங்கி உங்கள் சர்வருக்கு அனுப்பிவைப்பது) இருக்கிறதா என்று தளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். இருந்தால், ஒழுங்காக அமைக்காத சர்வர் பதிவில் வருகிறவரின் ஐபி விழாது, அந்த இடைச் சேவையின் ஐபிதான் திரும்பத் திரும்ப விழும். உண்மையான ஐபியை 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற வரியில் அது சேர்த்து அனுப்பும், ஆனால் மெயில் ஹெடரில் சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும் உண்டு: அந்த வரியில் வருகிறவனே போலி எண்களை முன்கூட்டிச் செருகிவிடலாம், உங்கள் நம்பிக்கைக்குரிய இடைச் சேவை சேர்த்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேலாவது பதிவில் ஐபியோடு சேர்த்து நொடி வரை நேரம், எந்த நேர மண்டலம், வந்தவரின் போர்ட் எண் (ஒரே ஐபியில் ஓர் இணைப்பை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் எண்) மூன்றும் விழும்படி அமைக்கச் சொல்லுங்கள். பலர் பங்குபோடும் ஐபியில் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாவிட்டால் சேவை நிறுவனத்தாலேயே ஆளைப் பிரித்துச் சொல்ல முடியாது. குப்பையை நிறுத்த, படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, அது நிரம்பி வந்தால் தள்ளிவிடச் செய்யுங்கள், தானியங்கி நிரல்கள் பல அதில் மாட்டிக்கொள்ளும். ஒரே ஐபியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பும் வைக்கலாம். நிரந்தரமாக ஐபியைத் தடுப்பதில் அவசரப்படாதீர்கள், அதே எண்ணில் உங்கள் வாடிக்கையாளரும் இருப்பார்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அந்த ஊழியரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். குற்றம் சாட்டியது போனில் என்றால் மன்னிப்பு எழுத்தில் போகட்டும், அவர் அதை நாளை வேறோர் இடத்தில் காட்ட வேண்டி வரலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வரும் ஸ்பாமுக்கு ஐபி பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. எஸ்எம்எஸ் வருவது தொலைபேசி வலையமைப்பு வழியாக, அதில் உங்களுக்குக் காட்ட ஐபி என்று ஒன்று இல்லை. வாட்ஸ்அப் செய்தி அவர்களின் சர்வர் வழியாக வருவதால் அனுப்பியவர் ஐபி உங்கள் போனுக்கு வராது. 'எந்த எண்ணுக்கும் ஐபி கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று செயலி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்குக் கொஞ்சம் நெட்வொர்க்கிங் தெரியும். அந்த ஐபியைத் திருப்பித் தாக்கி முடக்கிவிட்டால் என்ன?

பதில்: கோபம் நியாயம், செயல் வேண்டாம். மேலே சொன்ன கணக்குப்படி நீங்கள் முடக்கப்போவது வைரஸ் பிடித்த ஓர் அப்பாவியின் இணைப்பாகத்தான் இருக்கும். சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்பதும் நீங்கள்தான். 2004-ல் லைகோஸ் ஐரோப்பா நிறுவனம் ஸ்பாம் தளங்களை நெரிசலாக்கித் திணறடிக்க ஸ்கிரீன்சேவர் ஒன்றைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது, கண்டனம் குவிந்து சில நாட்களிலேயே நிறுத்திக்கொண்டது. 2006-ல் ப்ளூ செக்யூரிட்டி என்ற நிறுவனம் தன் உறுப்பினர்கள் சார்பில் ஸ்பாம்காரர்களின் தளங்களில் புகார்களைக் குவித்தது. அவர்கள் திருப்பி அடித்த அடியில் அந்தச் சேவையே மூடப்பட்டது. நிறுவனமாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

கேள்வி: அப்படியானால் ஐபியை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? போலீசுக்குப் போகலாமா?

பதில்: ஐபி ஆளைக் காட்டாது, பொறுப்பானவரின் வாசலைக் காட்டும். அந்த வாசலைத் தட்டுங்கள். ஹூஇஸ் தேடலில் நிறுவனத்தின் பெயரோடு 'அப்யூஸ்' என்று தொடங்கும் ஒரு மெயில் முகவரியும் பெரும்பாலும் இருக்கும், முறைகேடு புகார்களுக்கென்றே வைத்திருப்பது. அதற்கு எழுதுங்கள். எழுதுவது சுருக்கமாக இருக்கட்டும்: இந்த ஐபியிலிருந்து, இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த நேர மண்டலப்படி ஸ்பாம் வந்தது, முழு ஹெடர் கீழே. திட்டாதீர்கள், உங்கள் வாடிக்கையாளர் குற்றவாளி என்று எழுதாதீர்கள். மறுமுனையில் படிப்பவர் தினமும் இப்படி நிறையப் படிப்பவர், தேவையான தகவல் தெளிவாக இருந்தால்தான் கைவைப்பார். ஹெடரை வெட்டிக் கொடுத்தால் புகார் பயன்படாது. ஸ்பாம்காப் போன்ற சேவையில் ஒட்டினால் அதுவே ஹெடரைப் பிரித்து உரிய இடத்துக்குப் புகாரைத் தயார் செய்து தரும். 1998-ல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் ஸ்பாம் வரும் ஐபிகளைப் பட்டியலிட்டு வைக்கின்றன, உலகின் மெயில் சர்வர்களில் ஏராளமானவை அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கின்றன.

இந்த வாசல் தட்டுதல் வீண் வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய சம்பவம். 2008-ல் ஸ்பாம் அனுப்பிய கணினிகள் உலகம் முழுக்க வீடுகளில் சிதறிக் கிடந்தன, தனித்தனி ஐபியாகத் துரத்தினால் முடிவே இருந்திருக்காது. ஆனால் அவற்றுக்குக் கட்டளை கொடுத்த சர்வர்கள் பல, மெக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தில் இருந்தன. ஆய்வாளர்கள் சேர்த்த சான்றுகளை ஒரு பத்திரிகையாளர் அந்த நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்தவர்களிடம் காட்டினார். நவம்பர் 11 அன்று இணைப்பைத் துண்டித்தார்கள். உலகத்தின் ஸ்பாம் அளவு பாதிக்கும் மேல் சட்டென்று விழுந்தது. மறுபடி ஏறியது, உண்மைதான், ஆனால் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதை அது காட்டியது.

அனுப்பிய ஐபியை விட மெயிலில் இருக்கும் இணைப்பு பல நேரம் அதிகம் சொல்லும். அதை அழுத்தாமல், அதிலுள்ள டொமைன் பெயரை மட்டும் எடுத்து ஹூஇஸில் போடுங்கள். உரிமையாளர் பெயர் இப்போதெல்லாம் மறைந்திருக்கும், ஆனால் எந்தப் பதிவு நிறுவனம், எந்தத் தேதியில் பதிவானது என்பது தெரியும். வங்கி என்று சொல்லிக்கொள்ளும் தளம் மூன்று நாளுக்கு முன்புதான் பிறந்தது என்றால் அப்புறம் என்ன சந்தேகம்? பதிவு நிறுவனத்துக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். மோசடித் தளங்கள் பற்றித் தக்க சான்றோடு புகார் வந்தால் டாட் காம் போன்ற பெயர்களைப் பதியும் நிறுவனங்கள் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் ஒப்பந்த விதியே இருக்கிறது. பணம் போகும் பாதை இன்னும் நேரானது. ஸ்பாம் மூலம் விற்ற மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஆகியவற்றின் பணத்தில் 95 சதவீதம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போனது என்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் பொருள் வாங்கிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.

போலீஸ்? வெறும் விளம்பரக் குப்பை என்றால் மேலே சொன்ன புகார்களே போதும். மிரட்டல், பண இழப்பு, தனிப்பட்ட படங்கள் என்று வந்துவிட்டால் தயங்காமல் போங்கள். ஐபிக்குப் பின்னால் எந்தச் சந்தாதாரர் என்ற விவரத்தைச் சேவை நிறுவனம் உங்களுக்குத் தராது, தரவும் கூடாது, சட்டப்படி கேட்கும் அதிகாரிக்குத்தான் தரும். மெயிலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது மட்டும் போதாது, ஹெடரோடு முழு மெயிலையும் கோப்பாக இறக்கி வையுங்கள். யாருக்காவது அனுப்ப வேண்டியிருந்தால் சாதாரணமாக ஃபார்வர்டு செய்யாமல் அந்தக் கோப்பை இணைப்பாக அனுப்புங்கள், ஃபார்வர்டு செய்தால் பழைய ஹெடர் போய் உங்களுடையது வந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம், எந்த நேரத்தில் எந்த ஐபி யாரிடம் இருந்தது என்ற பதிவை நிறுவனங்கள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை.